ஏழாவது துளை ஏன் தள்ளிப் போகிறது?

வீட்டுப் பட்டறையில் இன்டெக்ஸிங் சக் (வேலைப் பொருளைப் பிடித்து, சம கோணங்களில் திருப்பி நிறுத்தும் பிடிப்பான்) பூட்டி நான் செய்த முதல் ஃபிளாஞ்சில் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) ஏழு துளைகள் வர வேண்டும். ஏழும் வந்தன. ஆனால் கடைசித் துளைக்கும் முதல் துளைக்கும் நடுவில் இருந்த இடைவெளி, இருக்க வேண்டியதைவிட 1.2 மி.மீ. அகலமாக இருந்தது. மற்ற ஆறு இடைவெளிகளும் பார்வைக்குச் சரியாகவே பட்டன. அளந்து பார்த்தால் ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. குறைவு. துளை வட்டத்தின் ஆரம் 60 மி.மீ.தான்.

தவறு எண்ணியதில் இருந்தது. சக்குக்கு அடியில் இருக்கும் ரோட்டரி டேபிளின், அதாவது கைப்பிடியால் சுற்றும் வட்ட மேசையின், விகிதம் 90-க்கு 1. கைப்பிடியை 90 சுற்று சுற்றினால் மேசை ஒரு முழுச் சுற்று வரும். ஏழு பிரிவு வேண்டுமென்றால் 90-ஐ ஏழால் வகுக்க வேண்டும்: 12 முழுச் சுற்று, அதற்கு மேல் ஏழில் ஆறு பங்கு. கைப்பிடிக்குப் பின்னால் வட்ட வட்டமாகத் துளைகள் உள்ள இன்டெக்ஸ் தகட்டின் 21 துளை வட்டத்தில் அந்தப் பங்கு 18 இடைவெளி. நான் கைப்பிடியின் ஊசி ஏற்கெனவே நின்றிருந்த துளையையே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினேன். பதினெட்டாவது துளையில் ஊசியை விட்டபோது 17 இடைவெளிதான் நகர்ந்திருந்தது. ஆறு நகர்வுகளில் விட்டுப்போன அத்தனையும் கடைசி இடைவெளியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

தகட்டின் மேல் கத்தரி போல விரியும் இரண்டு கைகள் இருப்பது இதற்காகத்தான். அவற்றுக்கு நடுவே 18 இடைவெளி, அதாவது 19 துளைகள் தெரியும்படி ஒருமுறை வைத்துப் பூட்டிவிட்டால் பிறகு எண்ணவே வேண்டாம். பலர் அந்தக் கைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள்.

இனி வாங்கும் இடத்துக்குப் போவோம். என்ன வேலைக்கு என்று முடிவு செய்யாமல் வாங்குவது பெரிய தவறு. நேரடியாகப் பூட்டி நிற்கும் 24 பிரிவு இன்டெக்ஸிங் சக்கில் 2, 3, 4, 6, 8, 12, 24 ஆகிய பிரிவுகள் மட்டுமே கிடைக்கும். ஐந்தும் ஏழும் ஒன்பதும் அதில் வராது. 36 துளையும் வெர்னியரும் (இடைப்பட்ட டிகிரிகளைத் தரும் துணைத் துளை வரிசை) கொண்ட சிறிய காலட் இன்டெக்ஸர் (தண்டைக் காலட் என்ற பிளவுக் குழலில் பிடித்துத் திருப்பும் கருவி) ஒவ்வொரு டிகிரியாக நகரும். ஐந்தும் ஒன்பதும் அதில் வரும், ஏழு வராது. எந்த எண்ணும் வேண்டும், பல்சக்கரமும் வெட்ட வேண்டும் என்றால் வார்ம் (பல்சக்கரத்தைச் சுற்றவைக்கும் திருகு) உள்ள ரோட்டரி டேபிளோ டிவைடிங் ஹெட்டோதான் வழி. ஆனால் உங்கள் வேலையில் முக்கால்வாசி அறுகோணத் தலையும் நான்கு துளையும் என்றால், நேரடிச் சக்கையே வாங்குங்கள். நெம்புகோலைத் தூக்கித் திருப்பினால் அடுத்த பக்கம் தயார். சுற்று எண்ணும் வேலையும் இல்லை, அதில் வரும் பிழையும் இல்லை.

பணம் கொடுக்கும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள். 150 மி.மீ. ரோட்டரி டேபிள் படுத்த நிலையிலேயே சுமார் 80 மி.மீ. உயரம் எடுக்கும். அதன்மேல், சக்கை டேபிளோடு இணைக்கும் பேக் பிளேட்டும் 100 மி.மீ. சக்கும் ஏறினால் இன்னும் 70, 80 மி.மீ. போகும். பிறகு ஜாப் (வேலைப் பொருள்), டிரில், டிரில் சக். சிறிய மில்லிங் மெஷினில் மேசைக்கும் ஸ்பிண்டிலுக்கும் (டிரில்லைச் சுழற்றும் தண்டு) நடுவே உள்ள 300 மி.மீ. இடைவெளி கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். மெஷினின் தூண் உருண்டையானது என்றால் கூடுதல் கவனம் தேவை: நடுவில் தலையை ஏற்றி இறக்கினால் எடுத்து வைத்த சென்டர் (மையப் பொருத்தம்) போய்விடும். மிக நீளமான டிரில்லுக்கு இடம் விட்டுத் தலையை நிறுத்திவிட்டு, அதன் பிறகே சென்டர் எடுக்க வேண்டும்.

சென்டர்தான் இந்த வேலையின் உயிர். எடுக்க வேண்டியவை இரண்டு. பெரும்பாலானோர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் ஸ்பிண்டிலுக்கு நேர் கீழே டேபிளின் மையம் வர வேண்டும். ஸ்பிண்டிலில், சிறு விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பூட்டி, டேபிளின் நடுத் துளைக்குள் சுற்றவிட்டுச் சரிசெய்து, மெஷின் மேசையை நெடுக்கிலும் குறுக்கிலும் நகர்த்தும் கைப்பிடிகளின் இரண்டு டயல்களையும் சுழியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, டேபிளின் மையத்தில் சக் உட்கார வேண்டும். டயல் முனையை இப்போது ஜாப் மேல் வைத்து டேபிளைச் சுற்ற வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டால் வரும் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். துளைகள் தங்களுக்குள் சம இடைவெளியில் இருக்கும்; அளந்தால் குறையே தெரியாது. ஆனால் மொத்த வட்டமும் ஃபிளாஞ்சின் நடுத் துளையிலிருந்து ஒரு பக்கம் விலகி நிற்கும். ஜோடி ஃபிளாஞ்சில் ஒரு நிலையில் போல்ட் போகும்; திருப்பி வைத்தால் போகாது.

டயல் 0.1 மி.மீ. ஆடினால் மையம் 0.05 மி.மீ.தான் விலகியிருக்கிறது. அந்த 0.1-ஐ முழுவதுமாகத் தட்டிச் சரிசெய்யப் போனால் அதே அளவு மறுபக்கம் போய்விடும். மேலும், மூன்று ஜா (பிடிக்கும் தாடை) சக் ஒரு விட்டத்தில் நேராக ஓடுவதால் எல்லா விட்டத்திலும் அப்படியே ஓடும் என்று நம்பாதீர்கள். 20 மி.மீ. தண்டில் சரிபார்த்துவிட்டு 60 மி.மீ. ஜாப்பைப் பிடித்தால் மறுபடி டயல் வைக்கத்தான் வேண்டும். இதனால் பேக் பிளேட்டில் சக் உட்காரும் படியை நான் இறுக்கமாகக் கடைவதில்லை. 0.2 மி.மீ. தளர்வு விட்டு, போல்ட்டுகளை அரை இறுக்கத்தில் வைத்து, மரச் சுத்தியால் தட்டிச் சென்டர் கொண்டுவந்து முழுதாக இறுக்குகிறேன். பூட்டும் முன் அடிப்பரப்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். டி-ஸ்லாட் (போல்ட் மாட்டும் பள்ளம்) ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் சக் சாய்ந்துதான் நிற்கும்.

திருகிப் பூட்டும் சக் என்றால் கட்டர் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழலும் திசையில் தள்ளினால் வெட்டும்போதே சக் தளர்ந்து ஜாப்பும் கட்டரும் உடையும், கைக்கும் ஆபத்து.

வார்மில் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான தளர்வு) எப்போதும் இருக்கும். அதனால் எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். தாண்டிவிட்டால் கொஞ்சம் மட்டும் திருப்பாமல், அரைச் சுற்று பின்னே போய் மறுபடி முன்னே வாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் டேபிளைப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் கட்டரின் உதறல் முழுவதும் வார்மின் பற்களில் விழும். பூட்டைத் திறக்க மறந்து கைப்பிடியை முறுக்குவதும் அதே பற்களைத்தான் தின்னும்.

கைப்பிடிக்குப் பதில் ஸ்டெப்பர் மோட்டார் (சிறு சிறு ஸ்டெப்களாகச் சுற்றும் மோட்டார்) மாட்டுகிறவர்களுக்கும் ஏழாவது துளையின் தொல்லை உண்டு. சுற்றுக்கு 200 ஸ்டெப், 90 மடங்கு விகிதம் என்றால் முழு வட்டத்துக்கு 18,000 ஸ்டெப். ஏழால் வகுத்தால் 2571.43. ஒவ்வொரு முறையும் 2571 என்று கூட்டிக்கொண்டே போனால் முடிவில் மூன்று ஸ்டெப், அதாவது 0.06 டிகிரி குறையும். ஒவ்வொரு துளையின் இடத்தையும் தொடக்கத்திலிருந்தே கணக்கிட்டு, பிறகு முழு எண்ணாக்க வேண்டும். கையால் டிகிரி வைத்து வேலை செய்பவர்களுக்கும் இதே வழிதான்: 51.5 டிகிரி என்று ஏழு முறை கூட்டாமல், ஏழு கோணங்களையும் முன்பே தாளில் எழுதி டயலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

அந்த ஃபிளாஞ்சுக்குப் பிறகு நேராகத் துளையிடுவதை விட்டுவிட்டேன். முதலில் சென்டர் டிரில்லால் ஏழு இடத்திலும் லேசாகப் புள்ளி மட்டும் வைக்கிறேன். ஏழாவது நகர்வில் முனை முதல் புள்ளியிலேயே வந்து விழுந்தால்தான் பெரிய டிரில்லை மாட்டுகிறேன்.