நூலகத்தில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புராஜெக்ட் தலைப்பை அப்படியே நூலகக் கணினியில் அடிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'கன்னியாகுமரி மாவட்ட மீனவப் பெண்களின் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு' என்று கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஓபேக் எனும் நூலகக் கணினிப் பட்டியல் நூலின் உள்ளே தேடுவதில்லை. தலைப்பு, ஆசிரியர், பொருள் என்று நூலகர் பதிந்து வைத்த சொற்களில்தான் தேடும். 'மீனவர்' என்று மட்டும் போடுங்கள். பிறகு 'மீன்பிடி', 'கடற்கரை'. அதன்பின் இவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்ட வரலாறு தேடுவோருக்கு ஊர்ப்பெயரே தடையாகிவிடும். 1956 நவம்பர் 1-க்கு முன் இந்த மாவட்டமே இல்லை. ஆகவே பழைய நூல்களுக்கு 'திருவிதாங்கூர்' (இப்பகுதி முன்பு இருந்த சமஸ்தானம்), 'நாஞ்சில் நாடு' என்று தேட வேண்டும். அல்லது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று தாலுகா பெயரில். ஆங்கிலத்தில் கன்னியாகுமரியை ஒரு 'என்' போட்டும் இரண்டு 'என்' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டையும் பாருங்கள். 'கேப் கொமரின்' என்ற பழைய பெயரையும் விடாதீர்கள்.

அலமாரியிலும் இதே கதைதான். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 954.82, கேரளத்துக்கு 954.83. திருவிதாங்கூர் நூல்கள் கேரள எண்ணில் இருக்கக்கூடும்; தமிழ்நாட்டு வரிசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இவை தசம எண்கள் என்பதால் 954.123 என்ற நூல் 954.82-க்கு முன்னால்தான் நிற்கும்.

பழைய ஆவணத்தில் '1099' என்று கண்டால் அதைக் கிறிஸ்தவ ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். அது மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு. ஆவணி தொடங்கி டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து 825 கூட்டுங்கள். கொல்லம் 1099-ஆல் பெயர் பெற்ற 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' 1924 ஜூலையில் வந்தது. 1099-உடன் 825 கூட்டினால் சரியாக வரும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஒவ்வோர் ஆய்வேடும் பல பிடிஎஃப் துண்டுகளாக இருக்கும். பலர் முதல் துண்டைத் திறந்து, சான்றிதழ்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நேராகத் துணைநூற்பட்டியல் துண்டுக்குப் போங்கள். உங்கள் தலைப்பில் ஒருவர் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த நூல்கள் அங்கே வரிசையாக இருக்கும். அந்தப் பெயர்களை ஓபேக்கில் போடுங்கள்.

கல்லூரிகளுக்கான மின்நூலகத் திட்டமான என்-லிஸ்ட்டுக்குத் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். கல்லூரி உறுப்பினராக இருக்கிறதா என்று நூலகரிடம் முதல் பருவத்திலேயே கேளுங்கள். புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் ஓடாதீர்கள்.

எடுத்த நூலை நீங்களே அலமாரியில் செருக வேண்டாம். இடம் மாறிய நூல் ஓபேக்கில் 'உள்ளது' என்றே காட்டும், யார் கைக்கும் கிடைக்காது. மேசையிலேயே வைத்துவிடுங்கள்.