ஊர் எல்லையில் குப்பைக் கிடங்கு வருகிறதா? அளவுக்கல் நட்ட அன்றே தொடங்க வேண்டிய வேலைகள்

எங்கள் ஊருக்கு விஷயம் தெரிந்தது ஆடு மேய்க்கப் போன ஒரு பெரியம்மா மூலம்தான். சர்வேயர் ஒருவர் மேய்க்கால் நிலத்தில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தாராம், கேட்டதற்கு "சும்மா அளக்கச் சொன்னாங்க" என்றாராம். நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். எட்டு மாதம் கழித்து ஜேசிபி வந்தபோது பாதிக் காகித வேலை முடிந்திருந்தது. அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

முதலில் சர்வே எண்ணைப் பிடியுங்கள். அதை வைத்து, நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். மேய்க்கால், குட்டை, ஓடை, ஏரிப் புறம்போக்கு என்று ஏதாவது போட்டிருந்தால் உங்கள் கைக்கு நல்ல பிடி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஊர்ப் பொது நிலங்களைக் காப்பாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் தந்த தீர்ப்பை மனுவில் குறிப்பிடுங்கள். அப்புறம் தூரம். 2016 திடக்கழிவு விதிகளில், குப்பை நிரப்பும் இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு, நெடுஞ்சாலை இவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று இருந்தது; 2026-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்துவிட்டன. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், நடப்பில் உள்ள பிரதியை எடுத்துச் சரிபாருங்கள். அளக்கும்போது வேலி ஓரத்திலிருந்து அளங்கள். எங்கள் ஊர்த் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் இடத்தின் நடுப்புள்ளியிலிருந்து அளந்திருந்தார்கள், காலனி வீடுகள் அப்படித்தான் காகிதத்தில் தூரமாகப் போயின.

கூடவே தகவல் உரிமை மனு போடுங்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் எங்கள் ஊர்?" என்று கேட்டால் பதில் வராது. "நில மாற்றக் கோப்பின் நகல் தருக, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்த இசைவு விண்ணப்பத்தின் நகல் தருக" என்று காகிதத்தைக் கேளுங்கள். 30 நாளில் வரவில்லையா, மேல்முறையீடு.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று ஒரு வரித் தீர்மானம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சர்வே எண், பக்கத்தில் எத்தனை கிணறு, எத்தனை ஏக்கர் பாசனம், எந்த வாய்க்கால் வழியாக மழைநீர் எந்த ஏரிக்குப் போகிறது, எல்லாம் அதில் வர வேண்டும். எழுதி முடித்த பக்கத்தை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் மட்டுமே திட்டத்தை நிறுத்திவிடாது, ஆனால் பின்னால் எந்த மன்றத்துக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஊரை நகராட்சியோடு இணைக்கும் பேச்சு அதே சமயத்தில் வந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள், இணைத்துவிட்டால் கிராம சபையே இருக்காது.

சுற்றுச்சூழல் முன் அனுமதி வாங்க வேண்டிய பெரிய திட்டமென்றால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். சுருக்கத்தோடு நிற்காமல் முழு அறிக்கையை வாங்கி, கல்லூரி படிக்கும் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு இடம் மட்டும் சொல்கிறேன்: காற்று, நீர் அளவீடுகளைப் பெரும்பாலும் மழைக்காலம் அல்லாத ஒரே பருவத்தில், மூன்று மாதம் எடுத்து முடித்துவிடுவார்கள். எங்கள் அறிக்கையில் மார்ச் முதல் மே வரை. ஆடி மாதம் மேல்காற்று அடித்தால் நாற்றம் எந்தத் தெருவுக்கு வரும் என்பது அதில் எங்கே இருக்கும்? எங்கள் ஊர்த் தாத்தா ஒருவர் மைக்கைப் பிடித்து இதைத்தான் கேட்டார், மேடையில் காகிதம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆளுக்கொரு விஷயம் பேசுங்கள், பேசியதை எழுத்திலும் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அது விதியிலேயே இருக்கிறது. வாசிக்காமல் கலைய விடாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீரை இப்போதே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்துக் குப்பைச் சாறு இறங்கித் தண்ணீர் கெட்டால், "முன்பே இப்படித்தான் இருந்தது" என்பார்கள். இன்றைய தேதி போட்ட சோதனைத் தாள் இல்லையென்றால் வாயடைத்து நிற்க வேண்டியதுதான்.

மறியல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சில நேரம் அது இல்லாமல் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் வேலைக்கு எழுதியிருக்கும் பையன்களை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள், ஒரு வழக்குப் பதிவானால் பாஸ்போர்ட் வரை இழுக்கும்.

"அப்போ குப்பையை எங்கே கொட்டுவது?" என்று கட்டாயம் கேட்பார்கள். பக்கத்து ஊரைக் கைகாட்டினால் நாளைக்கு உங்களுக்குத் துணை நிற்க ஆளிருக்காது. திருவனந்தபுரத்தைச் சொல்லுங்கள். அந்த நகரத்தின் குப்பை 2000-ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலா கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, 2011 டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்தே ஆலைக்குப் பூட்டுப் போட்டது. வேறு வழியில்லாமல் நகரம் வீட்டுக்கு பைப் கம்போஸ்ட் (குழாயில் போட்டு உரமாக்குவது), வார்டுக்கு உரத்தொட்டி என்று இறங்கியது.

இத்தனைக்குப் பிறகும் முன் அனுமதி கிடைத்துவிட்டால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும், சென்னையில் உள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தருவார்கள், அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் கதவு சாத்திவிடும். ஆகவே அனுமதி ஆணை இணையத்தில் ஏறியதா என்று பார்க்க ஒருவரை நியமியுங்கள். எங்கள் ஊரில் அந்த வேலையை ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஏற்றுக்கொண்டான், தினமும் கடை திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பான்.