மூட்டை ஏற்றிப் போக மடிப்பு சைக்கிள்: முதலில் டயர் எண்ணைப் பாருங்கள்

மடிப்பு சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை நொடியில் மடிக்கலாம்?” நானும் அதைத்தான் கேட்டேன். திருமயம் சாலையோரம் கிழிந்த டயரோடு வெயிலில் உட்கார்ந்தேன். நாலைந்து நாள் மூட்டை முடிச்சோடு சுற்ற நினைக்கிறவர்கள் மடிப்பைக் கடைசியில் பாருங்கள்.

முதல் வேலை, டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு எண்ணைப் படிப்பது. 40-406 என்பதுபோல இருக்கும். முதல் எண் டயரின் அகலம். அடுத்தது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். விளம்பரத்தில் ‘20 இஞ்ச்’ என்று மட்டும் போடுவார்கள். அதில் 406-உம் உண்டு, 451-உம் உண்டு. என்னுடையது 451 என்பது காரைக்குடிக்குப் பஸ்ஸில் வந்து கடை கடையாக ஏறியபோதுதான் தெரிந்தது. 20 இஞ்ச் டயர் எல்லாக் கடையிலும் தொங்கியது. ரிம்மில் வைத்தால் பாதிக்கு மேல் ஏறவில்லை. “தம்பி, இது சின்னப்புள்ளைக சைக்கிள் டயரு. உங்க ரிம்மு பெருசுல்ல” என்று கடைக்காரர் நெம்பியைக் கீழே போட்டார். 45 மி.மீ. வித்தியாசம், எந்த நெம்பியும் உதவாது. நம் பக்கம் சுற்ற, கண்ணை மூடிக்கொண்டு 406 வாங்குங்கள். பிராம்ப்டன் என்ற பிரிட்டிஷ் மடிப்பு சைக்கிளின் வழக்கமான டயர் 349. மடிப்பில் அதற்கு ஈடு கிடையாது, ஆனால் மாற்று டயரையும் கையோடு சுமக்க வேண்டும்.

அடுத்து எடை. பல மடிப்பு சைக்கிள்களின் வரம்பு, ஆளும் சாமானும் சேர்த்து 105, 110 கிலோதான். உங்கள் எடையைக் கழித்தால் மிச்சம்தான் மூட்டை. கேரியருக்குத் தனி வரம்பு உண்டு, அதையும் கேளுங்கள்.

பிறகு குதிகால். வீட்டு வளவில் மிச்சம் கிடந்த ஆத்தங்குடித் தரைக்கற்களை எடைக்காகச் சாக்கில் சுற்றிப் பைகளில் போட்டு, தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடித்தது. பையைப் பின்னால் தள்ளினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடுகிறது. கேரியர் நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பை சின்னதாக இருக்க வேண்டும். மிச்சத்தை முன்னால் ஏற்றலாம். பை ஹேண்டில்பாரில் தொங்காமல் பிரேமில் மாட்டுகிற ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. சின்னச் சக்கரம் ஏற்கெனவே துறுதுறுவென்று திரும்பும்.

கியர்? பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்ற எதுவும் போதும். கொடைக்கானல் ஆசை இருந்தால் பின்பக்கப் பல்சக்கரத்தில் 34 பல் வரை உள்ளதாகப் பாருங்கள்.

சரி, இப்போது மடிப்பு. முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கீலில் ‘டக்’ என்று கேட்டால் வாங்காதீர்கள். ரயிலுக்குப் பிரத்யேகப் பை எதற்கு? நான் பழைய போர்வையில் சுற்றித்தான் பல்லவனில் ஏற்றுகிறேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்து 406 வாங்கிய ஒருவர், டயர் கிடைத்தும் டியூப் மாட்ட முடியவில்லை என்று எழுதினார். அவருடைய ரிம்மில் இருந்தது ஒல்லி பிரெஸ்டா வால்வுக்கான 6.5 மி.மீ. ஓட்டை. வால்டியூப் போடுகிற நம்மூர் வால்வு அதில் நுழையாது. ஓட்டையை 8.5 மி.மீ.க்குப் பெரிதாக்கலாம், ரிம் அகலமாக இருந்தால் மட்டும். ஒல்லி ரிம் என்றால் துளைக்காமல் இரண்டு பிரெஸ்டா டியூபைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.