வன்னியில் முதல் வாடகை வீடு: காணி பார்க்க முன் ஆளைப் பாருங்கள்

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் எல்லோருக்கும் வருகிற யோசனை ஒன்றுதான்: ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டால் என்ன? விடலாம். ஆனால் கொழும்புக் கணக்கை இங்கே கொண்டுவந்து போட்டால் கையைச் சுடும். கொழும்பில் வீடு இருந்தால் ஆள் வரும். வன்னியில் வாடகைக்கு வருகிற ஆட்கள் கொஞ்சப் பேர். அவர்கள் யார், எந்த மாதம் வருவார்கள், எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை முதலே கேட்டு அறியலாம். அதனால் இங்கே வேலை காணித் தரகரிடம் தொடங்கக் கூடாது.

ஒன்றிரண்டு வீடு, நாலைந்து அறை என்ற அளவில் தொடங்க நினைப்பவர்களுக்கான ஒழுங்கு இது. பெரிய கட்டடம் போடுபவர்களுக்கு வேறு வழி, வேறு தலையிடி.

படி 1: வரப்போகிறவர் யார்?

உங்கள் இடத்தைச் சுற்றி யார் வெளியூரிலிருந்து வந்து தங்குகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வவுனியா என்றால் பம்பைமடுவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது, 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி என்றால் அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள். இவற்றோடு ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள், ஆஸ்பத்திரித் தாதியர், வங்கி உத்தியோகத்தர், இடமாற்றத்தில் வரும் ஆசிரியர்கள்.

இதில் ஆசிரியர்களையும் கந்தோர்க்காரரையும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கிளிநொச்சியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ஆள் பெரும்பாலும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. திங்கள் விடிய பஸ்ஸில் வருவார், வெள்ளி பின்னேரம் போய்விடுவார். அவருக்கு மூன்று அறை வீடு எதற்கு? குளியலறை சேர்ந்த ஓர் அறை, ஒரு காஸ் அடுப்பு வைக்க இடம், மோட்டார் சைக்கிள் விட ஒரு கொட்டில். இது போதும். பெரிய வீட்டைக் கட்டிவிட்டு 'வாடகைக்கு' என்று படலையில் மட்டை தொங்கவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் வீடுகள் ஏ9 வீதியோரம் எத்தனை!

போர் முடிந்த பின் தொண்டு நிறுவனங்கள் வந்து கேட்ட வாடகையைக் கொடுத்த காலத்தை இன்னும் சிலர் கனவு காண்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. அந்த விலையை மனதில் வைத்துக் கட்டாதீர்கள்.

விசாரிக்க வேண்டிய இடங்கள் மூன்று: பாடசாலை அல்லது ஆஸ்பத்திரிக்கு எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடை, கந்தோரில் பியோனாக இருப்பவர், ஏற்கெனவே அறை எடுத்து இருப்பவர். மூன்றாமவரிடம்தான் உண்மை கிடைக்கும். "ரீச்சர், இப்ப இருக்கிற இடத்தில என்ன குறை?" என்று கேளுங்கள். "தண்ணிதான் அண்ணை. கேத்தில் எல்லாம் வெள்ளையாப் படியுது. குடிக்கிறதுக்குப் போத்தில்தான் வாங்கிறன்" என்பார். நீங்கள் என்ன செய்து கொடுக்க வேண்டும் என்பது அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

படி 2: உறுதியா, பேர்மிற்றா?

இந்தப் படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

வன்னியில் காணி என்றால் பெரும் பகுதி அரச காணி. குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிற்றில், அதாவது அரசின் அனுமதிப் பத்திரத்தில், கொடுத்தவை, பிறகு அளிப்புப் பத்திரம் கிடைத்தவை. பேர்மிற் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அனுமதியில்லாமல் எழுதிய பத்திரம் செல்லாது. "நாலு பரப்பைப் பிரிச்சு எழுதித் தாறன், பிறகு மாத்தலாம்" என்று ஒருவர் சொன்னால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்புங்கள். உங்கள் சொந்தப் பேர்மிற் காணியில் வாடகை அறை கட்டுவதென்றாலும் பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தரிடம் நிபந்தனைகளைக் கேட்டுவிட்டு அத்திவாரம் வெட்டுங்கள்.

தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் நொத்தாரிசைக் கொண்டு முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பிக்க வேண்டும். அதோடு வடக்கில் தேசவழமை என்ற தமிழரின் வழக்காற்றுச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் இரண்டு விஷயம் கட்டாயம் பார்க்க வேண்டும். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் என்றால், அது அவரது சீதனக் காணியாக இருந்தாலும், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. காணி பிரிபடாத பங்காக இருந்தால் மற்றப் பங்காளிகளுக்கு முற்கொள்வனவு உரிமை, அதாவது முதலில் தாங்களே வாங்கும் உரிமை, உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் வாங்கினால் நீங்கள் வீடு கட்டி முடிக்கிற நேரம் கனடாவிலிருக்கும் சித்தப்பாவின் வழக்குக் கடிதம் வரும்.

கனடா என்றதும் அடுத்தது. சொந்தக்காரர் வெளிநாட்டில், இங்கே தம்பிக்காரனிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம். இது இங்கே சர்வ சாதாரணம், பிழையும் இல்லை. ஆனால் அது பதிவு செய்யப்பட்டதா, அதில் விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா, ரத்துச் செய்யப்பட்டதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் அற்றோணியும் அதோடு முடிந்தது. தயங்காமல் கேளுங்கள்: "அண்ணை குறை நினைக்காதேங்கோ, அக்காவோட ஒருக்கா வீடியோவில கதைக்க ஏலுமே?" உண்மையான ஆள் உடனே போனை எடுத்துத் தருவார்.

காட்டோரக் காணி என்றால் வன இலாகாவின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதைக் கிராம அலுவலரோடு போய் நேரில் பாருங்கள். காணியை ஒரு தடவையாவது மாரியில் பார்க்க வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எந்தெந்த வளவுக்குள் தண்ணீர் ஏறியது என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டால், சுவரில் கையை வைத்துக் காட்டுவார்.

படி 3: கணக்கு

கீழே உள்ளவை கணக்கு விளங்குவதற்கான தொகைகள்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

காணி வாங்கி, சின்ன வீடு கட்ட எல்லாமாக 60 இலட்சம் போனது என்று வைப்போம். வாடகை மாதம் 25,000. பன்னிரண்டு மாதம் எண்ணக் கூடாது, பதினொன்று எண்ணுங்கள்: 2,75,000. சோலைவரி, பெயின்ற், மோட்டர் திருத்தம், கூரை என்று 45,000 போனால் மிச்சம் 2,30,000. போட்ட காசுக்கு நூற்றுக்கு நாலு கூட இல்லை. வங்கியில் நிலையான வைப்பில் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்கலாம்.

இனி மற்றக் கணக்கு. ஏற்கெனவே இருக்கும் வளவின் பின்பக்கம், குளியலறையோடு மூன்று அறை, செலவு 27 இலட்சம். அறைக்கு 10,000. பத்து மாத வாடகை மட்டும் எண்ணினால் 3,00,000. செலவு 40,000 கழித்தால் 2,60,000. நூற்றுக்கு ஒன்பதரை. காணி விலை ஏறும் என்பதற்காகக் காணி வாங்குவது தனி வியாபாரம். அதை வாடகை வருமானத்தோடு கலந்து மனதைத் தேற்றாதீர்கள். முதல் முயற்சி சொந்த வளவுக்குள் இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

கடன் எடுப்பதென்றால் வங்கி வீட்டுக் கடன், அதுவும் வாடகை வராத மாதத்திலும் கட்டக்கூடிய அளவுக்கு. நுண்கடன் பக்கம் போகவே வேண்டாம். அதனால் வன்னிப் பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

படி 4: கட்டும்போது

கிணறு கோடையில் வற்றுமா என்பதை ஆகஸ்ட், செப்ரெம்பரில் பார்க்க வேண்டும். குடிதண்ணீருக்கு ஒரு வழி செய்து கொடுத்தால் வாடகையில் ஆயிரம் கூட்டிக் கேட்கலாம், தருவார்கள். குரங்குத் தொல்லை உள்ள இடத்தில் ஓடு போட்டால் மாதம் ஒருமுறை ஏணி எடுக்க வேண்டிவரும். கதவு நிலைக்குக் கறையான் மருந்து அடிக்காமல் வைக்காதீர்கள்.

மின்சாரத்தில்தான் சண்டை வரும். மூன்று அறைக்கும் ஒரே மீற்றர் என்றால் எல்லோரின் யுனிற்றும் சேர்ந்து மேல் படிக்குப் போகும்; அங்கே யுனிற் விலை கூட. "நான் ஃபான் மட்டும்தான் போடுறன், அவதான் அயன் பண்ணுறா" என்று தொடங்கும். அறைக்கு ஒரு சப் மீற்றர் போடுங்கள். மாதம் முதலாம் திகதி அறையில் இருப்பவரையும் கூப்பிட்டு, இலக்கத்தைப் போனில் படம் எடுத்து, அந்த இடத்திலேயே அவருக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு கதைக்க ஒன்றும் இராது. பிரதேச சபையின் கட்டட அனுமதியையும் எடுத்து வையுங்கள். வங்கிக் கடனுக்கும் பின்னர் விற்பதற்கும் கேட்பார்கள்.

படி 5: ஆட்களைச் சேருங்கள்

ஒரு நல்ல நொத்தாரிசு, ஒரு நில அளவையாளர், கூப்பிட்டால் வருகிற மேசன், வயரிங் பாஸ், பைப் பாஸ். இவர்களின் இலக்கம் வேலை வர முதலே போனில் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு மோட்டர் நின்றால் புது ஆளுக்கு யாரும் வரமாட்டார்கள். பாஸ்மாருக்குக் காசைப் பிந்தாமல் கொடுப்பவர் என்ற பெயரை எடுத்தால் போதும், மற்றது தானாக நடக்கும்.

அதைவிடப் பெறுமதியானவர்கள் உங்களைப் போல ஓரிரண்டு அறை விடுகிற மற்ற வீட்டுக்காரர்கள். போட்டியாக நினைக்காதீர்கள். உங்கள் அறை நிறைந்திருக்கும்போது வருபவரை அவர்களிடம் அனுப்புங்கள். அடுத்த மாதம் அவர்கள் உங்களிடம் அனுப்புவார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழு வைத்தாலே ஊரில் என்ன வாடகை போகிறது, எந்த பாஸ் ஒழுங்கு, எந்தக் கந்தோருக்கு ஆட்கள் மாறி வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒருவர் முன்பு இருந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்வது என்று உங்களுக்குள் ஒரு பேச்சு இருக்கட்டும். ஆனால் அடையாள அட்டைப் படத்தை அந்தக் குழுவில் போடுவது, குடும்பக் கதை கதைப்பது எல்லாம் வேண்டாம். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: வாடகை ஒழுங்காகத் தந்தவரா, வீட்டை ஒழுங்காக ஒப்படைத்தவரா.

இன்னொன்று. தனியே பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்க மாட்டோம் என்று சிலர் பிடிவாதமாக நிற்கிறார்கள். போரில் கணவரை இழந்த பெண்கள் இருக்கும் வன்னியில் அப்படிச் சொல்ல வெட்கப்பட வேண்டும். வாடகையை முதலாம் திகதியே கொண்டுவந்து தருபவர்களில் அவர்கள் முன்வரிசை.

படி 6: எழுத்து

"தெரிஞ்ச பிள்ளைதானே, எழுத்து என்னத்துக்கு?" என்பது இங்கே வழக்கம். எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அது. கடையில் வாங்கிய அச்சடித்த படிவத்தில் 'ஒரு வருடம்' என்று எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தால் ஒரு வருடக் குத்தகை ஆகாது. அறைக்கு மாத வாடகை ஒழுங்கு போதும். முழு வீட்டை வருடக் கணக்கில் கொடுப்பதென்றால் நொத்தாரிசிடம் போங்கள். காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து இடத்தை மீட்பதற்கு 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்த வழியில் போவதற்கும் கையில் ஒழுங்கான குத்தகை உறுதி வேண்டும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: வாடகை, முற்பணம், அதை எப்போது திருப்பிக் கொடுப்பது, கரண்ட் தண்ணீர் யார் கட்டுவது, எழும்ப எத்தனை மாத முன்னறிவித்தல், உள்ளே இருக்கும் சாமான்களின் பட்டியல். வாங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் பற்றுச்சீட்டு கொடுத்து அடிக்கட்டையை வைத்திருங்கள். அது வாடகைக்கு இருப்பவருக்கு மட்டும் உதவுவதில்லை. பத்து வருடம் போன பிறகு 'இவ்வளவு காலம் நான்தான் ஆண்டது, இது என்ர ஆட்சிக் காணி' என்று யாராவது கிளம்பினால், அவர் வாடகைக்கு வந்தவர் என்பதற்கு அந்த அடிக்கட்டைதான் உங்கள் சாட்சி.

வாடகை தராதவரின் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாமானைத் தூக்கி முற்றத்தில் வைக்கும் வேலை வேண்டாம். 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால், அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளை வரலாம். பிழை அவருடையதாக இருந்தாலும் நீங்கள்தான் கூண்டில் நிற்பீர்கள்.

படி 7: வரியும் மார்கழியும்

வாடகை வருமானத்தைச் சம்பளத்தோடு கூட்டித்தான் வரி பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் வரை தனிநபர் விடுப்பு. வாடகையில் நாலில் ஒரு பங்கைத் திருத்தச் செலவுக்கான விடுப்பாகக் கழிக்கலாம். மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் வாடகை தரும் நிறுவனம் நூற்றுக்குப் பத்தைப் பிடித்துக்கொண்டுதான் தரும். மூன்று அறைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

ஆசிரியர், கந்தோர் இடமாற்றங்கள் பெரும்பாலும் ஜனவரியில் நடைமுறைக்கு வரும். அதனால் அறை காலியாவதும் ஆள் தேடுவதும் மார்கழிக் கடைசியில். கார்த்திகைக்குள் இருப்பவரிடம் "ரீச்சர், வாற வருஷமும் இருக்கிறியளோ?" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால், மழை விட்ட முதல் கிழமையே பெயின்ற் அடித்து, குழுவில் ஒரு செய்தி போட்டு, அவ பாடசாலையை விட்டுப் போக முதல் அவவின் இடத்துக்கு வருகிறவரின் போன் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.