இரண்டு பிளேடு வரிசைகளுக்கு நடுவே: கம்ப்ரசர் காற்றோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெட் என்ஜினில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரில் சுழலும் பிளேடு வரிசையான ரோட்டாரும் அசையாத பிளேடு வரிசையான ஸ்டேட்டரும் மாறி மாறி வரும். அவற்றின் நடுவே காற்று ஒரு கணம்கூட சீராக ஓடாது. அதைக் கோளாறாக நினைப்பதுதான் முதல் தவறு. உராய்வும் வெப்பப் பரிமாற்றமும் இல்லாத ஓட்டத்தில், ஓரிடத்தின் அழுத்தம் நேரத்தோடு மாறினால்தான் காற்றின் மொத்த என்தால்பி, அதாவது அது சுமந்து செல்லும் மொத்த ஆற்றல், கூடும். என்ஜினியர் ராபர்ட் டீன் 1959-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். அந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் கம்ப்ரசரால் காற்றுக்கு வேலை கொடுக்கவே முடியாது.

அடுத்தது அளப்பதில் வரும் தவறு. ரோட்டாரில் 37 பிளேடு, வேகம் நிமிடத்துக்கு 12,000 சுற்று என்று வையுங்கள். நொடிக்கு 200 சுற்று; உறையில் பொருத்திய சென்சாரை நொடிக்கு 7,400 பிளேடுகள் கடக்கும். நீங்கள் நொடிக்கு 10,000 முறை மட்டும் அளவெடுத்தால் அந்த 7,400 ஹெர்ட்ஸ், 2,600 ஹெர்ட்ஸாக (10,000 − 7,400) வேஷம் போட்டு வரும். 2,600 என்பது 200-இன் சரியாக 13 மடங்கு! சுழற்சியோடு அவ்வளவு அழகாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வராது. என்ஜினில் 13 எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். பதிவான பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை. சிக்னல் எண்களாக மாறும் முன்பே, அளவுக்கு மீறிய அதிர்வெண்களைத் தடுக்கும் ஃபில்டர் வேண்டும். அலையின் வடிவமும் தெரிய வேண்டுமென்றால் நொடிக்கு ஒரு லட்சம் முறையாவது எடுங்கள்.

அப்புறம், ரோட்டார் பிளேடின் அதிர்வைக் கணக்கிட ரோட்டாரின் பிளேடு எண்ணிக்கையையே போடுகிறவர்கள் உண்டு. சுழலும் பிளேடு சந்திப்பது ஸ்டேட்டரை. ஸ்டேட்டரில் 40 பிளேடு இருந்தால் அந்த ரோட்டார் பிளேடு உணர்வது 8,000 ஹெர்ட்ஸ்.

வரிசைகளைத் தள்ளி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். பிளேடைச் சுற்றியுள்ள அழுத்தப் புலம் தூரத்தில் சட்டென்று தேய்ந்துவிடும். பிளேடின் பின்னே இழுபடும் மந்தமான காற்றுத் தடமான வேக் அவ்வளவு சீக்கிரம் மறையாது. அந்த வேக் ஸ்டேட்டருக்குள் நுழைந்ததும் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு நீள்கிறது. நீள நீள அதன் வேகக் குறைவு மட்டுப்படுகிறது, சுற்றியுள்ள காற்றோடு கலப்பதால் வரும் ஆற்றல் இழப்பும் குறைகிறது. என்ஜினியர் லீராய் ஸ்மித் 1966-இல் விளக்கியது இதைத்தான். வரிசைகள் நெருங்கியிருந்தால் வேக் கலந்து கரையும் முன்பே ஸ்டேட்டருக்குள் போய்விடும்; அதனால் குறைவேகக் கம்ப்ரசரில் நெருக்கம் லாபமாகலாம். ஒலிவேகத்தைத் தாண்டும் ரோட்டாரில் கதை வேறு: அதன் அதிர்ச்சி அலை முன்னால் உள்ள ஸ்டேட்டரின் பின்விளிம்பைத் தாக்கிச் சுழல்களைக் கிளப்பும், அங்கே நெருக்கம் நட்டம்தான்.

கணினி உருவகத்தில், இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஓட்டத்தைச் சராசரியாக்கும் எல்லையான மிக்ஸிங் பிளேன் போட்டால் வேக் அந்த எல்லையிலேயே சராசரியாகிக் காணாமல் போகும். வடிவமைப்பின் தொடக்கத்தில் சரி. பிளேடு அதிர்வைப் பற்றி அதில் முடிவு சொல்லாதீர்கள்.

சோதனையிலும் இதே ஆபத்து உண்டு. ஒவ்வொரு சுற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் பிளேடு வடிவம் பளிச்சென்று தெரியும். ஆனால் ரோட்டார் வேகத்தில் பாதியளவில் சுற்றும் சுழல் ஸ்டால் (சில பிளேடுகளின் இடையே ஓட்டம் தடைபட்டு, அந்தத் தடையே சுற்றி வருவது) அதில் அழிந்துவிடும். சராசரிக்கு முன் மூல சிக்னலை ஒரு தடவை அப்படியே வரைந்து பாருங்கள்.