வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்களா? பக்கத்து டீமை விட்டுவிடாதீர்கள்

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், டீமில் பாதிப் பேர் சென்னையில், மீதி புனேயில். காலையில் தினமும் ஸ்டேண்ட்அப் (அவரவர் வேலையைச் சொல்லும் சின்ன மீட்டிங்) இருப்பதால் சொந்த டீமோடு பேச்சு குறையவே இல்லை. விட்டுப்போனது பக்கத்து டீம்தான், அதாவது டெஸ்டிங்கில் இருந்தவர், டேட்டாபேஸ் பார்த்தவர், டீ குடிக்கப் போகும்போது மட்டும் பேசிக்கொண்டவர்கள். 2020இன் முதல் ஆறு மாதங்களில் அமெரிக்காவில் 61,000க்கும் மேற்பட்ட மைக்ரோசாஃப்ட் ஊழியர்களை வைத்து நடந்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது: எல்லோரும் வீட்டுக்குப் போனதும், வேறு குழுவினரோடு செலவிட்ட நேரத்தின் பங்கு சுமார் 25 சதவீதம் குறைந்துவிட்டது.

அதனால் முதலில் ஒரு தாளில் ஐந்து பேரை எழுதுங்கள். உங்கள் டீமில் இல்லாதவர்களாக, ஆனால் சிக்கல் வந்தால் நீங்கள் தேடிப்போகிறவர்களாக இருக்க வேண்டும். வாரம் ஒருவருக்கு, வேலை எதுவும் கேட்காமல் எழுதுங்கள். வெறும் ‘ஹாய்’ போட்டுவிட்டு நிற்காதீர்கள், எதிரில் இருப்பவருக்கு என்னவோ ஏதோ என்று இருக்கும். ‘அக்கா, போன வாரம் நீங்க மாத்தின லாக் ஃபார்மேட்டாலதான் அந்த எரர் உடனே மாட்டுச்சு’ என்று உள்ளதைச் சொன்னால் போதும், பேச்சு தானாக வளரும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது எங்களுக்குக் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. திரும்ப லாகின் செய்து பார்த்தால், நான் அப்படி எழுதிவந்த டெஸ்டிங் அக்கா கேட்காமலே என் பெயரில் இருந்த இரண்டு டிக்கெட்டை (பதிவாகியிருந்த வேலைகளை) முடித்து வைத்திருந்தார், கீழே ‘வீட்ல தண்ணி வந்துச்சா, சாப்பிட்டீங்களா?’ என்று ஒரு வரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் பாவம். ஆபீசில் என்றால் பக்கத்து நாற்காலிப் பேச்சு காதில் விழும், வீட்டில் அதுவும் கிடையாது. முதல் மாதம் முழுக்க ஒரு சீனியரோடு தினமும் 15 நிமிடம் பேச வையுங்கள், கேமரா போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அப்புறம், பக்கத்து ஊர்க்காரர்கள் மாதம் ஒரு முறையாவது நேரில் சந்தியுங்கள். நாங்கள் கடலூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரி பீச் ரோட்டுக்குப் போய்விடுவோம், சாயங்காலத்துக்கு மேல் அங்கே வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் காந்தி சிலைப் பக்கம் நிம்மதியாக நடந்துகொண்டே பேசலாம். வேறு டீம் ஆள் ஒருவரையாவது கூட்டிவர வேண்டும், லேப்டாப் மட்டும் வேண்டாம்.