எடுக்காததையும் எழுதிவையுங்கள்: ஒரே ஜன்னலில் வீடியோ செய்யும் முறை

பெரம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மொட்டைமாடி, அதற்குப் பின்னால் ரயில்வே மின்கம்பிகள். இருபது வருடமாக வீடியோ கலை செய்கிறேன். அந்த ஜன்னலை ஒருநாளும் படம் பிடித்ததில்லை. ஓயாமல் எலக்ட்ரிக் ட்ரெயின் போகிற இடத்தில் சவுண்டு எடுப்பது எப்படி? 2020 மார்ச்சில் அந்த ரயில்கள் நின்றன. 25ஆம் தேதி புதன்கிழமை, ஊரடங்கின் முதல் நாள், போனை ஜன்னலில் வைத்தேன். ஆகஸ்ட் 31 வரை 160 நாள், தினமும் மாலை 6.30க்குப் பத்து நிமிடம்.

அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். கைக்குழந்தையோடு இருப்பவர், படுக்கையிலிருக்கும் பெற்றோரை விட்டு நகர முடியாதவர் என வீட்டோடு கட்டுண்ட யாருக்கும் இது பயன்படும்.

வீட்டில் அழகான மூலையைத் தேடாதீர்கள். எப்படியும் தினமும் நிற்கிற இடம் ஒன்று இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது டீ போடும் இடம். ட்ரைபாட் வேண்டாம். மஞ்சப்பையில் இரண்டு கிலோ அரிசியைக் கொட்டி வாயைக் கட்டி, அதன்மேல் போனை அழுத்தி வைத்தால் அசையாது. மறுநாளும் அதே இடத்தில் வைக்க, ஜன்னல் கட்டையில் பென்சிலால் ஒரு கோடு.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படமும் வெளிச்சம் வாங்கும் நேரம், நொடியில் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50இல் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும், படத்தில் பட்டை பட்டையாக ஓடாது. பிறகு திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். இதை மறக்கவே கூடாது. பூட்டாவிட்டால் பொழுது சாயச் சாய போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகும். இருட்டுவது படத்தில் தெரியாது. அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பதே இருட்டுவது ஒன்றுதான்.

சவுண்டைத் தனிக் கருவியில் எடுங்கள், இன்னொரு பழைய போன் போதும். ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டையும் அணைக்க வேண்டும். மே மாத வெயிலில் அம்மா பனையோலை விசிறியோடு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்வார், ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிடுவேன் என்று மூக்குக்கண்ணாடியை அதற்குள் வைத்துவிடுவேன். கண்ணாடி இல்லாமல் அடுத்த வேலை ஓடாது.

அடுத்த வேலை, நோட்டு. பதிவு முடிந்த கையோடு எழுதிவிடுங்கள், இரவுக்குத் தள்ளிப்போட்டால் அது வேறு நாளாகிவிடும். மூன்று பத்தி: பார்த்தது, கேட்டது, எடுக்காதது. முதல் இரண்டும் எளிது. கேட்டதில் எனக்கு அதிகம் விழுந்தது கூட்ஸ் வண்டி. பயணிகள் ரயில் நின்ற பிறகும் அரிசியும் கரியும் ஏற்றிக்கொண்டு அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அதைத் தனியாகக் கேட்டேன்.

மூன்றாவது பத்திக்கு அதிக நேரம் கொடுங்கள். ஜூலையில், கொரோனா வந்த வீடு என்று எதிர்வீட்டு வாசலை அடைத்துத் தகரம் அடித்தார்கள். போன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் மேல்மாடி ஜன்னல் வழியாக நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். போனைக் கவிழ்த்துவிட்டேன். நோட்டில் எழுதினேன்: “தாத்தா பார்த்தார். எடுக்கவில்லை. நான் பார்த்ததையே அவர் விரும்பவில்லை.” என் வேலையைப் பற்றி நான் எழுதியதிலேயே உண்மையான வரி அது. பல மாதம் கழித்து அவருடைய மகளிடம் கேட்டேன். “அப்பா முகம் வேணாம்க்கா. தகரத்தக் காட்டிக்கோங்க” என்றார். அப்படியே செய்தேன். அடுத்தவர் துயரம் நம் ஃபிரேமுக்குள் தானாக வந்து நின்றாலும் கேட்டுவிட்டு எடுங்கள்.

பிரதி எடுப்பதில் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். என் போனில் பத்து நிமிடம் ஒன்றரை ஜிபி, 160 நாளுக்கு 240 ஜிபி. ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்டுவந்தேன், போனிலிருந்து உடனே அழித்தும்விட்டேன். ஏப்ரல் 28 முதல் மே 8 வரையான 11 நாள் திறக்கவே இல்லை. கடைகள் மூடியிருந்ததால் இன்னொரு டிஸ்கும் வாங்கவில்லை. அழுதேன். வேறு கருவியில் இருந்ததால் சவுண்டு பிழைத்தது. நோட்டும் இருந்தது. “மே 5. கோயம்பேடு மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். அம்மா தொட்டியில் இருந்த கீரையைக் கிள்ளினாள்.” இறுதி வீடியோவில் அந்த 11 நாளும் கறுப்புத் திரைதான், அன்றன்றைய சவுண்டின்மேல் அன்றைய குறிப்பை வாசித்திருக்கிறேன். மற்ற பகுதிகளைவிட அதுதான் எனக்கு நெருக்கம்.

ஒரு மாதம் சேர்ந்ததும் உட்கார்ந்து பாருங்கள், வேகமாக ஓட்டாமல். முதலில் சவுண்டு இல்லாமல், பிறகு கண்ணை மூடிக்கொண்டு சவுண்டை மட்டும், கடைசியில் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நௌமன் தன் வெறும் ஸ்டூடியோவையே இரவுகளில் அகச்சிவப்பு கேமராவில் எடுத்தார். எலிகளும் பூனையும் எப்போதோ ஓடும், மணிக்கணக்கில் வேறொன்றும் நடக்காது. மாணவியாக இருந்தபோது அதைப் பற்றிப் படித்துவிட்டுப் பொறுமையில்லாமல் புத்தகத்தை மூடியவள் நான். ஒருநாள் காட்சியில், எதிர்மாடிக் கொடியில் நனைந்த ஒரு முகக்கவசம் காய்வதைப் பத்து நிமிடம் பார்த்தபோது அவரை நினைத்தேன்.

வெட்டி முடித்ததும் முதலில் ஃபிரேமுக்குள் இருந்தவர்களுக்குக் காட்டுங்கள். நான் 2021 பிப்ரவரியில், எதிர்வீட்டு மொட்டைமாடியிலேயே, அம்மா தந்த வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினேன். தாத்தாவும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கறுப்புத் திரை வந்து கூட்ஸ் வண்டிச் சத்தம் தொடங்கியதும், முன்னால் இருந்த பையன் பெட்டிகளைச் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.